மூன்றாம் நாளே கறுத்த கீரையும் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரும்

வீட்டில் சாப்பாடு வீணாவதற்கு யார் காரணம் என்ற வழக்கு எங்களுக்குள் ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தது. நான் அளவு தெரியாமல் வாங்குகிறேன் என்பது வீட்டுக்காரரின் கட்சி. மிச்சம் வைத்த டப்பாவை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது என் கட்சி. மகளுக்குக் கட்சி எதுவும் கிடையாது. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோய்விடுவாள். மாமியார் மட்டும் இதில் எந்தப் பக்கமும் சேராமல், "அந்தப் பெட்டி குளிரவே மாட்டேங்குதும்மா" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் பளிச்சென்று 4 எரிகிறதே அத்தை என்று காட்டுவேன். "எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு மாதம் எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று சமையலறைத் தராசையும் ஒரு நோட்டையும் குப்பை வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். எடை போடுவதற்கு ஒரு விதி: தோல், கொட்டை, டீத்தூள் சக்கை இதெல்லாம் கணக்கில் வராது. சாப்பிட்டிருக்கலாம், ஆனால் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான் வரும். ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம்: என்ன, எத்தனை கிராம், ஏன்.

இந்த 'ஏன்' கட்டம்தான் பாடாய்ப் படுத்தியது. முதல் இரண்டு நாள் எல்லாவற்றுக்கும் 'மறந்துவிட்டது' என்றே எழுதியிருந்தோம். மறந்தது உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாம் நாள் அந்த வார்த்தையையே தடை செய்தேன். கண்ணில் பட்டதை எழுத வேண்டும்: 'அடியில் தண்ணீரில் ஊறிக் கிடந்தது', 'பெரிய பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது', 'வாங்கி மூன்றாம் நாள், இலை கறுப்பு'.

முதல் வாரக் கணக்கு 2,940 கிராம். கீரை, கொத்தமல்லி, வெள்ளரி மூன்றும் சேர்ந்து 1,150. சோறு, தட்டில் மிஞ்சியதும் சேர்த்து, 780. திரிந்த பால் 500. பழம் 300. காய்ந்த ரொட்டி 210.

இது அதிகமா, குறைவா என்று தெரிந்துகொள்ள ஒரு அளவுகோல் தேடினேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் 2022-ஆம் ஆண்டுக்கான கணக்கு இருக்கிறது. கடைகள், உணவகங்கள், வீடுகள் எல்லாம் சேர்த்து உலகில் வீணானது சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் இருந்து வந்தது. வீட்டுக் கணக்கை மட்டும் ஆள்வீதம் பிரித்தால் வருடத்துக்கு 79 கிலோ. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ, நாலு பேருக்கு ஆறு கிலோ. அட, நாம் பாதிதானே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: அந்தக் கணக்கில் தோலும் எலும்பும்கூடச் சேர்த்தி. நான் அவற்றை எடை போடவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை அத்தோடு விட்டேன்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. மிச்சச் சாப்பாடுதான் முதலிடத்தில் வரும் என்று இரண்டு கட்சிகளும் நம்பியிருந்தோம். வந்ததோ பச்சைக் காய்கறி. போதாததற்கு பால், பாக்கெட்டில் போட்டிருந்த தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே திரிந்திருந்தது. அந்தத் தேதி, பால் சரியான குளிரில் இருக்கும் என்று நம்பிப் போட்டது. அப்படியென்றால் அத்தை சொன்னது?

இரண்டாவது வாரம் சமையலறைத் தெர்மாமீட்டரை எடுத்தேன். அதை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு டம்ளர் நிறைய ஐஸை உடைத்துப் போட்டு, ஐஸ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு நிமிடம் கழித்து முனையை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். என்னுடையது 0.6 காட்டியது. பரவாயில்லை, எதிலும் 0.6 கழித்துக்கொண்டால் சரி.

ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை அப்படியே வைத்துவிட்டால் ஏமாந்துபோவோம். கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் காற்று சூடாகிவிடும், மூடியதும் குளிர்ந்துவிடும். எண் குதித்துக்கொண்டே இருக்கும். பாலும் காயும் அவ்வளவு வேகமாக மாறாது. அதனால் ஒரு டம்ளர் தண்ணீரில் முனையை அமிழ்த்தி, நடுத்தட்டில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் கதவைத் திறந்த உடனே பார்த்தேன். 9.4. கழித்தால் 8.8.

5-க்கு மேல் போகக்கூடாது, 4 இருந்தால் நல்லது. மறுநாள் கதவுத் தட்டில் வைத்துப் பார்த்தேன், அங்கே 11. கதவில் எரியும் 4 என்பது நாம் கேட்டிருக்கும் குளிர். உள்ளே இருக்கும் குளிர் அல்ல. ஐந்து வருடமாக அதைத்தான் ஆதாரமாகக் காட்டி அத்தையின் வாயை அடைத்திருக்கிறேன். எண்ணை அவரிடம் காட்டினேன். "நான் தயிர்ல கையை வச்சுச் சொன்னேன், நீ கண்ணாடியில பாத்துச் சொன்ன" என்றார். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை, அது அவர் பெருந்தன்மை.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்து வைத்த பழைய டப்பாக்களை அன்றைக்கே கொட்டினேன். அந்த எடையைத் தனிப் பக்கத்தில் எழுதினேன், வாரக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை.

இனி பழுது பார்த்த கதை. முதலில் செய்தது தப்பு. எண்ணை 4-இலிருந்து 1-க்கு இறக்கிவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று படுத்துவிட்டேன். காலையில் பின்சுவரை ஒட்டியிருந்த இரண்டு வெள்ளரிக்காய் உறைந்து கண்ணாடி மாதிரி இருந்தன. எடுத்து வெளியே வைத்ததும் உருகிக் குழைந்துபோயின. கதவுத் தட்டில் 9. ஒரே பெட்டிக்குள் ஒரு மூலையில் பனி, இன்னொரு மூலையில் வெயில். எங்களுடையது ஐஸ் கட்டாத ரகம். அதில் ஃப்ரீசர் பக்கமிருந்து ஒரு விசிறி குளிர்காற்றைத் தள்ளும். அது பின்சுவரில் இருக்கும் சன்னல் வழியாகக் கீழே வரும். சன்னலுக்கு எதிரே இருப்பது உறையும், காற்று எட்டாதது வாடும். எங்கள் பெட்டியின் சன்னலை ஒரு பெரிய பருப்புப் பாத்திரம் முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது. அதை நகர்த்தி எண்ணைப் பழையபடி 4-இல் வைத்ததும் நடுத்தட்டு 7.5-க்கு வந்தது. இன்னும் எங்கேயோ குளிர் ஒழுகிக்கொண்டிருந்தது.

அடுத்து காகிதச் சோதனை. பழைய ரசீது ஒன்றைக் கதவு ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் நன்றாக ஒட்டுகிறது; வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. ஒரு சாண் விட்டு ஒரு சாண் சுற்றி வந்தேன். மேல் வலது மூலையிலும் கீல் பக்கம் அடியிலும் ரசீது தானாகவே விழுந்தது. சந்தேகம் தீர ராத்திரி டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி, சமையலறை விளக்கை அணைத்தேன். மேல் மூலையில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. மகள் அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

அந்த ரப்பருக்குள் ஒரு காந்தப் பட்டை ஓடுகிறது, அதுதான் கதவை இழுத்துப் பிடிப்பது. ரப்பரின் மடிப்பில் அழுக்கு சேர்ந்தாலோ, மடிப்பு அமுங்கிப்போனாலோ, காந்தம் இரும்பைத் தொடாது. எங்கள் ரப்பரின் அடி மடிப்பை விரித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. கறுப்புப் பூஞ்சை, சிந்திய பழச்சாறு, ஒரு பட்டாணி.

ஞாயிற்றுக்கிழமை காலை ப்ளக்கைப் பிடுங்கி, பாலையும் சமைத்ததையும் ஃப்ரீசர் ஐஸோடு ஒரு பெரிய மூடிப் பெட்டியில் மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். மடிப்பை ஒரு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு தேய்க்க வேண்டும். நாலு பக்கமும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. துடைத்து உலர்த்தியதும் மறுபடி ரசீது. அடிப்பக்கம் பிடித்துவிட்டது, அங்கே வெறும் அழுக்குதான். மேல் மூலை பிடிக்கவில்லை. அங்கே ரப்பர் நிரந்தரமாக உள்ளே அமுங்கியிருந்தது.

அதற்கு ஹேர் டிரையர். குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே மூன்று நாலு நிமிடம் காட்டினால் ரப்பர் இளகும். அப்போது விரலால் வெளிப்பக்கமாக இழுத்து உருவம் கொடுத்து, ஆறும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பொறுமை போதவில்லை. முதல் தடவை கிட்டே கொண்டுபோய்விட்டேன், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ரப்பர் பளபளவென்று ஆகிவிட்டது. நல்ல வேளை, உருகவில்லை. இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்து, மடிப்புக்குள் சுருட்டிய துணிநாடாவைச் செருகி ஒரு மணி நேரம் விட்டேன். எடுத்த பிறகு மூலை நிமிர்ந்து நின்றது. கீல் பக்கம் மட்டும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். கதவு மூடும்போது ரப்பர் அங்கேதான் உராய்ந்து சுருண்டுகொள்கிறது.

பெட்டியின் முன் கால்கள் இரண்டையும் திருகிச் சற்றே உயர்த்தினேன். பாதி திறந்த கதவை விட்டால் அது தானாகப் போய் மூடிக்கொள்ள வேண்டும், அந்த அளவுக்குப் போதும். எங்கள் வீட்டில் கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் மூன்று பேர். நாலாவது ஆள் நான்.

காய்கறி டிரேயை வெளியே எடுத்தபோது அடியில் விரல்மொத்தம் தண்ணீர் தேங்கியிருந்தது. நோட்டில் 'அடியில் தண்ணீரில் ஊறிக் கிடந்தது' என்று மகள் எழுதியிருந்தாளே, அந்தத் தண்ணீர். எங்கள் பெட்டியில் பின்சுவரின் அடியில் ஒரு சிறிய ஓட்டை உண்டு. பனி உருகும் தண்ணீர் அது வழியாக வெளியே போய்ப் பின்னால் இருக்கும் தட்டில் விழுந்து ஆவியாகும். ஒரு காய்ந்த கொத்தமல்லித் தண்டு அதை அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து இரண்டு தடவை அழுத்தியதும் திறந்துகொண்டது. கம்பி விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே குழாய் கிழிந்தால் அது வேறு செலவு.

ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுபடி டம்ளர் வைத்தேன். நடுத்தட்டு 4.3, டிரேக்கு மேலே 4, கதவு 6.8. கதவுத் தட்டு எப்படியும் சூடான இடம்தான். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளிக்காற்று முதலில் படுவது அதன்மேல். பால் நடுத்தட்டுக்குப் போனது. கதவுக்கு ஊறுகாயும் தண்ணீர் பாட்டிலும் வந்தன. அடுத்த வாரம் பால் பாக்கெட் தேதியைத் தாண்டியும் ஒரு நாள் நன்றாக இருந்தது.

குளிர் சரியானதும் கீரை தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முழுசாக ஆகவில்லை. டிரேயில் கீரையோடு ஆப்பிள் இருந்தது. ஆப்பிள், வாழை, தக்காளி இதெல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்தில் இருக்கும் இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். டிரேயின் முகப்பில் இருக்கும் நகரும் மூடியை இத்தனை நாள் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதை மூடினால் ஈரம் உள்ளே தங்கும், இலைகளுக்கு நல்லது. திறந்து வைத்தால் வாயு வெளியேறும், பழங்களுக்கு நல்லது. எங்களிடம் இருப்பது ஒரே டிரே. அதை மூடி இலைக்குக் கொடுத்துவிட்டு, ஆப்பிளை மேல்தட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்தேன். வாழையும் தக்காளியும் வெளியே வந்தன. அந்தக் குளிர் அவற்றுக்குக் கெடுதல்தான். வெள்ளரிக்கும் அவ்வளவு குளிர் பிடிக்காது, அதனால் கொஞ்சமாக வாங்கி இரண்டு நாளில் முடிக்கிறோம்.

எப்படிச் சுற்றி வைப்பது என்பதில் எனக்கும் அத்தைக்கும் வேறு வேறு கருத்து. அதனால் ஒரே கட்டுக் கீரையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி கழுவி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியது. அது என் பழக்கம். இன்னொரு பாதி கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்தது. அது அவர் பழக்கம். மகள் பேனாவால் 'அ', 'ஆ' என்று எழுதினாள். என் 'அ' நாலாம் நாள் கொழகொழ. 'ஆ' ஒன்பதாம் நாள் கொஞ்சம் துவண்டிருந்தது, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டதும் நிமிர்ந்துகொண்டது. துவளுவது தண்ணீர் இழப்பு, திருப்பிக் கொடுத்துவிடலாம். கொழகொழப்பு அழுகல், அதற்கு மருந்து இல்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலேயே இத்தனை வருடம் துவண்டதையும் கொட்டியிருக்கிறேன்.

சோற்றுக் கணக்கில் ஃப்ரிட்ஜைக் குறை சொல்ல முடியாது. அரிசி அளந்து போடுவது அத்தை, கையால்தான் அளப்பார். இரண்டு வாரம் அவர் போட்ட அரிசியைத் தராசில் வைத்து எழுதினேன். தினமும் ஏறக்குறைய ஒரே எடை, பத்து இருபது கிராம்கூட மாறவில்லை. அந்தக் கைக்கு முன்னால் என் தராசு தோற்றது. ஆனால் அளவு எங்களுக்கு அதிகம். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். நோட்டைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "இது ஏழு பேருக்குப் பழகின கைம்மா. ஆளு கொறைஞ்சது கைக்குத் தெரியல." மறுநாளிலிருந்து ஒரு கைப்பிடி குறைத்துப் போட்டார். அன்று மட்டும் அளந்த பிறகு கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சும் சோற்றில் ஒரு எச்சரிக்கை. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதியிலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்கிறோம். ராத்திரி மறந்து வெளியே விட்ட சோற்றைக் காலையில் சிக்கனம் என்று சூடு செய்வதில்லை; அது குப்பைக்குத்தான், நோட்டிலும் ஏறும்.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைத்ததே தப்பு. உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து வேகமாக இறுகும். வெளியே இருப்பதைவிட அங்கே சீக்கிரம் காய்ந்த மாதிரி ஆகும். ஃப்ரீசரில் அது நின்றுவிடும். இப்போது வாங்கிய அன்றே துண்டுகளாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடு செய்கிறோம்.

தோற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாரச் சமையல் அட்டவணை என்று அழகாக எழுதி ஒட்டியது நாலு நாள் ஓடியது. காய்த்தோல்களைச் சேர்த்து வேகவைத்துச் சாறு எடுத்தேன், முட்டைக்கோஸ் தண்டு அதிகமாகிக் கசந்தது, யாரும் தொடவில்லை. டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் டேப் ஈரத்தில் கழன்று விழுந்தது. காகித டேப்பில் பென்சிலால் எழுதினால் நிற்கிறது, மையைப் போலக் கலையவும் இல்லை. எழுதிய டப்பாக்கள் எல்லாம் நடுத்தட்டில் கண்ணுக்கு நேரே ஒரே இடத்தில். அந்த இடம் காலியாகாமல் புதிதாக எதையும் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் இதை இரண்டு தடவை மீறியது நோட்டில் பதிவாகியிருக்கிறது.

நாலாவது வாரம் 860 கிராம். சோறு 380, கீரை வகை 190, பழம் 170, ரொட்டி 120. பால் இல்லை. 2,940-இலிருந்து இறங்கியதில் ஃப்ரிட்ஜுக்கு எவ்வளவு பங்கு, எழுதுகிறோமே என்ற கூச்சத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. தட்டில் மிஞ்சுவதை எடை போடுகிறார்கள் என்று தெரிந்ததும் மகள் குறைவாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அதற்குக் காரணம் நிச்சயமாகக் கதவு ரப்பர் இல்லை.

ரப்பர் வேலை முழுதாக முடியவும் இல்லை. சூடு காட்டி நிமிர்த்திய மூலை மூன்றாவது வாரத்தில் மறுபடி அமுங்கத் தொடங்கியது. உள்சுவரில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்துப் புது ரப்பர் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் கதவில் திருகாணி இல்லை, பள்ளத்தில் அழுத்திப் பொருத்துகிற ரகம். நானே மாற்றிவிடலாம் போலிருக்கிறது. அது வரும்வரை மூலைக்குள் துணிநாடா இருக்கிறது. காலையில் பால் எடுக்கப் போகும்போது அத்தை அந்தப் பழைய ரசீதை மூலையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கிறார். "இன்னைக்குப் பிடிக்குதும்மா" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். வராத அன்றைக்கு ஹேர் டிரையரை எடுக்கிறேன்.